காரில் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்: டூயல் கிளைமேட் கோளாறை வீட்டிலேயே கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

திரையில் இரண்டு பக்கமும் 24 என்றுதான் காட்டுகிறது. ஆனால் ஓட்டுபவருக்கு நெற்றி வியர்க்கிறது, பக்கத்து சீட்டில் இருப்பவர் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்தப் புகாரோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் காரைத் திறந்துகூடப் பார்க்காமல் வரும் பதில் ஒன்று உண்டு: "ஆக்சுவேட்டர் போயிருக்கும், மாத்திடலாம்."

சில சமயம் அது சரியாகவும் இருந்துவிடும். நானும் ஒருமுறை அதை நம்பி ஆக்சுவேட்டரை, அதாவது காற்றுக் கதவைத் திருப்பும் சிறு மோட்டாரை, மாற்றினேன். பழையது போலவே புதியதும் ஒழுங்காகச் சுற்றியது. குளிர்ந்த பக்கம் குளிர்ந்தபடியே இருந்தது. கோளாறு ஹீட்டர் கோரில், அதாவது காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டரில், படிந்திருந்த சேற்றில் இருந்தது. கழற்றுவதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒரு தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருந்தால் அது அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்தப் பத்து நிமிட வேலையைச் சொல்வதற்குத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் அதில் கிடைக்கும் எண்களைப் பிடித்துக்கொண்டு போவதுதான்.

ஒரே வாய்க்கால், இரண்டு மடை

டூயல் சோன் (இரு பக்கத்துக்கும் தனித்தனி வெப்பம் வைக்கும் வசதி, டூயல் கிளைமேட் என்பதும் இதுதான்) என்றதும் இரண்டு ஹீட்டர் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சாதாரணமாக எல்லாமே ஒன்றுதான். ஒரு புளோவர், ஏசிக்குக் காற்றைக் குளிர்விக்கும் ஒரு எவாப்பரேட்டர், சூட்டுக்கு ஒரு ஹீட்டர் கோர். எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய கூலன்ட் இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சின்ன ரேடியேட்டருக்குள் வந்து திரும்புகிறது. காற்று அதன் ஊடாகப் போகும்போது சூடாகிறது.

பிரிவினை அதற்குப் பிறகுதான். காற்றுப் பெட்டியின் நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். இடது பாதியில் ஒரு பிளெண்ட் டோர், வலது பாதியில் ஒன்று. எவ்வளவு காற்று ஹீட்டர் கோர் வழியாகப் போக வேண்டும், எவ்வளவு அதைத் தொடாமல் சுற்றிப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது இந்தக் கதவு. கதவைத் திருப்புவது உள்ளங்கையில் அடங்கும் ஆக்சுவேட்டர்: ஒரு சிறு மோட்டார், சில பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், அவ்வளவுதான்.

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தாலும் கடைமடை காயும், மடை அடைத்துக்கொண்டாலும் காயும். காய்ந்த வயலை மட்டும் பார்த்து எது காரணம் என்று சொல்ல முடியாது. இங்கேயும் அதே கதைதான்.

சில ஐரோப்பியக் கார்களில் கதவுக்குப் பதிலாகக் கூலன்ட் வழியிலேயே இரண்டு வால்வுகள் வைத்து இரு பக்கத்தையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்துவார்கள். உங்கள் கார் அந்த ரகம் என்றால், கீழே கதவு என்று சொல்லும் இடத்தில் வால்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்களைப் படிக்கும் முறை மாறாது; கீழே வரும், எஞ்சினை ரெய்ஸ் செய்யும் (வேகம் கூட்டும்) சோதனையை மட்டும் முழுசாக நம்ப வேண்டாம். அடைத்த வால்வும் கூலன்ட் ஓட்டத்தைத்தான் தடுக்கிறது.

கோளாறே இல்லாத கோளாறுகள்

கருவி எடுப்பதற்கு முன் சிலவற்றைத் தள்ளிவிடலாம். 'சிங்க்' (இரு பக்கத்தையும் ஒன்றாக இணைப்பது) அல்லது 'டூயல்' பட்டன் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். வென்ட்டுகள் எல்லாம் முழுசாகத் திறந்திருக்கின்றனவா? காற்றின் வேகமே ஒரு பக்கம் குறைவு என்றால் அது சூட்டுப் பிரச்சினை அல்ல; வென்ட்டுக்குப் பின்னால் டக்ட் கழன்றிருக்கலாம், அல்லது வென்ட்டின் இதழ் உடைந்திருக்கலாம். கேபின் ஃபில்டர் அடைத்திருந்தால் பொதுவாக இரண்டு பக்கமும் சேர்ந்தே பலவீனமாகும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. டேஷ்போர்டின் மேல் கண்ணாடியை ஒட்டிச் சின்னப் பொட்டு மாதிரி இருப்பது வெயில் சென்சார். டூயல் சோன் கார்கள் பலவற்றில் அது எந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது என்றும் பிரித்தறியும். வெயில் விழும் பக்கத்துக்கு வேண்டுமென்றே குளிர்ந்த காற்றை அனுப்பும். மாலை வெயிலில் மட்டும் வித்தியாசம் தெரிகிறது, ராத்திரியில் சரியாக இருக்கிறது என்றால் கார் தன் வேலையைச் செய்கிறது. அந்தச் சென்சார் மேல் விரிப்போ பொம்மையோ இருந்தால் எடுத்துவிடுங்கள்.

எட்டு எண்கள்

வேண்டியது மெல்லிய முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர். அகச்சிவப்புத் துப்பாக்கித் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. அது காற்றின் சூட்டை அளக்காது, வென்ட் பிளாஸ்டிக்கின் சூட்டைத்தான் சொல்லும். அதைப் பிறகு ஹோஸ்களுக்குப் பயன்படுத்தலாம்.

1. காரைக் கால்மணி நேரம் ஓட்டுங்கள். எஞ்சின் வெப்ப முள் வழக்கமான இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். முள் அங்கே வரவே இல்லை என்றால் முதலில் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வை) பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

2. காரை நிறுத்தி எஞ்சினை ஓடவிடுங்கள். மூடிய இடத்தில் வேண்டாம், வெளியில். ஏசி ஆஃப், வெளிக்காற்று வரும் நிலை, ஃபேன் நடு வேகம், காற்று முகத்துக்கு.

3. டேஷ்போர்டின் நடுவில் இருக்கும் இரண்டு வென்ட்டுகளில் மட்டும் அளங்கள். கடைசி வென்ட்டுகளுக்குக் காற்று நீளமான டக்ட் வழியாகப் போவதால் அங்கே இயல்பாகவே சற்று வித்தியாசம் இருக்கும்.

4. நான்கு நிலைகளில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் விட்டு, இரு பக்க அளவையும் எழுதுங்கள்: இரண்டும் 'ஹை', இரண்டும் 'லோ', இடது ஹை வலது லோ, இடது லோ வலது ஹை.

ஏன் 24, 26 என்று வைக்காமல் ஹையும் லோவும்? இந்த இரண்டு கடைசி நிலைகளில் பெரும்பாலான கார்களின் கம்ப்யூட்டர் சென்சார்களைக் கணக்கில் எடுப்பதில்லை. கதவை ஒரு கோடிக்குத் தள்ளிவிட்டு நின்றுவிடும். கம்ப்யூட்டரின் யோசனையை விலக்கிவிட்டு வெறும் இயந்திரத்தை மட்டும் பரிசோதிக்கிறோம்.

நல்ல நிலையில் உள்ள காரில் ஹையில் ஏறக்குறைய 50 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரும்; வெளியே கடுங்குளிர் என்றால் சற்றுக் குறையும். இரு பக்கத்துக்கும் ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. லோவில் வெளிக்காற்றின் சூட்டைவிடச் சில டிகிரிதான் கூடுதலாக இருக்க வேண்டும்.

எண்களை எப்படிப் படிப்பது

ஒரு பக்கத்து எண் நான்கு நிலையிலும் அசையவே இல்லையா? அது பெரும்பாலும் கதவுப் பக்கத்துக் கோளாறு. ஆக்சுவேட்டர், கதவின் தண்டு, அல்லது அங்கே போகும் வயர். எப்போதும் சூடாகவே நின்றால் கதவு சூட்டுக் கோடியில் மாட்டியிருக்கிறது, எப்போதும் குளிராக இருந்தால் பெரும்பாலும் மறுகோடியில்.

லோவில் இரண்டும் சரி, ஹையில் மட்டும் ஒரு பக்கம் 35, மறுபக்கம் 58 என்கிற மாதிரி வருகிறதா? இங்கேதான் ஆள் ஏமாறுவது. கதவு முழுசாகத் திறக்காமல் பாதியில் நிற்கலாம், அல்லது ஹீட்டர் கோரின் அந்தப் பாதிக்குச் சூடு வராமல் இருக்கலாம். பிரித்தறிய ஒரு சுலப வழி: இரண்டும் ஹையில் இருக்கும்போது எஞ்சினை 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். பலவீனமான பக்கம் மளமளவென்று சூடேறினால் பிரச்சினை கூலன்ட் ஓட்டத்தில். எஞ்சின் வேகம் கூடியதால் வாட்டர் பம்ப் அதிகம் தள்ளியது, சூடு வந்தது. கதவுக்கு எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினால் என்ன? அது நின்ற இடத்தில்தான் நிற்கும். ஆனால் அடைப்பு கெட்டிப்பட்டுவிட்டால் ரெய்ஸ் செய்தாலும் சூடு ஏறாமல் போகலாம். அதனால் எண் அசையவில்லை என்பதை மட்டும் வைத்துக் கதவின் மேல் பழி போட வேண்டாம்.

ஹை, லோ இரண்டிலும் இரு பக்கமும் சமம், ஆனால் 24இல் வைத்தால் மட்டும் வேறுபடுகிறது என்றால் இயந்திரத்தில் குறை இல்லை. சென்சாரோ கதவின் கணக்கீடோ தவறியிருக்கிறது.

ஏசி ஆஃபில் எல்லாம் சமமாக இருந்து, ஏசி போட்டால் மட்டும் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் வெதுவெதுப்பாக வருகிறதென்றால் கதவுகளை மறந்துவிடுங்கள். ஏசி கேஸ் குறைந்தால் எவாப்பரேட்டரின் ஒரு பகுதி மட்டுமே குளிரும். அந்தப் பகுதிக்கு எதிரில் இருக்கும் பக்கம் மட்டும் ஜில்லென்று வரும். இதற்காக ஆக்சுவேட்டர் மாற்றிப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம். கேஸ் வேலை அதற்கான கருவி உள்ளவர்களிடம்தான். கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்ப மட்டும் சொல்லாதீர்கள்.

இரண்டு பக்கமும் சேர்ந்தே பலவீனம் என்றால் தெர்மோஸ்டாட், கூலன்ட் அளவு, வாட்டர் பம்ப். அது பொதுவான ஹீட்டர் கோளாறு.

கூலன்ட் பக்கம்

எஞ்சின் முழுசாக ஆறிய பிறகுதான் கூலன்ட் மூடியைத் தொட வேண்டும். சூடான கூலன்ட் அழுத்தத்தில் இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். இதில் அவசரப்பட்டவர் இரண்டாம் முறை அவசரப்படுவதில்லை.

அளவு குறைந்திருக்கிறதா? கூலன்ட் குறைந்தால் சேரும் காற்று உயரமான இடத்தைத் தேடும். பல கார்களில் அந்த உயரமான இடங்களில் ஒன்று ஹீட்டர் கோர். கோரின் சில குழாய்களில் காற்று, மற்றவற்றில் கூலன்ட் என்றானால் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் இல்லை. ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கும் சத்தம், ஓடும்போது சூடு வந்து சிக்னலில் நின்றதும் குறைவது, இரண்டும் காற்றுக்கு அடையாளம்.

காற்றை வெளியேற்ற, மூடி இருக்கும் பக்கம் உயரும்படி காரைச் சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வையுங்கள். இரண்டு பக்கமும் ஹை. ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். குமிழ்கள் வர வர அளவு இறங்கும். உற்பத்தியாளர் சொன்ன கூலன்ட்டை ஊற்றிக்கொண்டே இருங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைச் சற்றுத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் ஒழுகியதும் இறுக்குங்கள். தெர்மோஸ்டாட் திறந்து குமிழ் நின்றதும், கூலன்ட் பொங்குவதற்குள் மூடிவிடுங்கள். மறுநாள் ஆறியபின் அளவை மீண்டும் பாருங்கள். வாக்குவம் கருவியால்தான் நிரப்ப வேண்டும் என்று சில கார்களின் கையேட்டிலேயே இருக்கும். அங்கே இந்த முறை அரைகுறையாகத்தான் பலிக்கும்.

காற்று வெளியேற்றி ஒரு வாரத்தில் மறுபடி காற்று சேர்கிறதென்றால் அதை ஹீட்டர் கோளாறாகப் பார்க்காதீர்கள். எங்கோ கசிகிறது, அல்லது மூடி அழுத்தம் பிடிக்கவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் உள்ள தகடு) வழியாக எஞ்சினில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது. கடைசி சந்தேகத்தை நிறம் மாறும் திரவச் சோதனையால் உறுதி செய்யலாம். கால் வைக்கும் இடத்தில் விரிப்பு ஈரம், கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு போன்ற மூடல், இனித்த வாடை என்றால் ஹீட்டர் கோரே ஒழுகுகிறது, கழுவிப் பயனில்லை.

அளவு சரியாக இருந்தும் ஒரு பக்கம் சூடு குறைவு என்றால் அடைப்பு. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள சுவரில் நுழையும் இரண்டு ஹோஸ்களைத் தேடுங்கள். இப்போது துப்பாக்கித் தெர்மாமீட்டருக்கு வேலை. பளபளக்கும் உலோகத்தில் அது பொய் சொல்லும், கறுப்பு ரப்பரில் ஒழுங்காகச் சொல்லும். இரண்டும் நல்ல சூடு, இடையில் 10 முதல் 20 டிகிரி வித்தியாசம் என்றால் ஓட்டம் பரவாயில்லை. போவது கொதிக்க, வருவது வெதுவெதுப்பு என்றால் கோர் அடைத்திருக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் சூடு கோருக்கே வரவில்லை. ஒரு எச்சரிக்கை: கோரின் சில குழாய்கள் மட்டும் அடைத்திருந்தால் மற்ற குழாய்கள் வழியாகக் கூலன்ட் தாராளமாகப் போய்வரும், ஹோஸ் இரண்டும் சூடாகவே இருக்கும். என் காரில் அப்படித்தான் ஏமாந்தேன். அப்போது நம்ப வேண்டியது வென்ட் எண்களை.

கோரைக் கழுவுவது பொறுமை வேலை. ஆறிய எஞ்சினில், கீழே பாத்திரம் வைத்து இரண்டு ஹோஸ்களையும் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் முறுக்கி இழுக்காதீர்கள். கோரின் குழாய் வளைந்தாலோ உடைந்தாலோ டேஷ்போர்டையே இறக்க வேண்டி வரும். ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துப் புதிது போடுவது மலிவு. கூலன்ட் திரும்பி வரும் குழாய் வழியாகத் தண்ணீரை முதலில் செலுத்துங்கள்; வழக்கமான ஓட்டத்துக்கு எதிராகப் போனால்தான் சேறு கிளம்பும். குழாயை முழு வேகத்தில் திறக்க வேண்டாம். கூலிங் சிஸ்டமே சுமார் 1 பார் அழுத்தத்தில் இயங்குவது. மெல்லிய சுவர் கொண்ட கோர் அதற்கு மேல் தாங்கும் என்று நம்பக் கூடாது. பழுப்பு நீர் வந்து தெளியும்வரை இரு திசையிலும் மாற்றி மாற்றிச் செலுத்தி, கடைசியில் டிஸ்டில்டு வாட்டர் விட்டு முடியுங்கள். சேறு கோரில் மட்டும் இருக்காது. முழு சிஸ்டத்தையும் கழுவாவிட்டால் சில மாதங்களில் பழையபடி அடைக்கும்.

சிந்திய கூலன்ட்டை உடனே துடையுங்கள். இனிப்பு ருசிக்காக நாய் அதை நக்கும், பூனையும் நக்கிவிடலாம். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் அவற்றைக் கொல்லும் விஷம். மறுபடி ஊற்றும்போது நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது, பொருந்தாத இரண்டு ரகம் கலந்தால் கூழாகிவிடலாம். கசிவடைக்கும் திரவம் என்று விற்கிறார்களே, அதை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். கசியும் ஓட்டைக்கும் கோரின் குறுகலான குழாய்க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

கதவுப் பக்கம்

எஞ்சினை நிறுத்தி, இக்னிஷன் மட்டும் ஆன். ஃபேன் மிகக் குறைவு, ரேடியோ ஆஃப். சந்தேகப் பக்கத்தை லோவிலிருந்து ஹைக்கு மாற்றிக் காது கொடுங்கள். மெல்லிய உறுமல் கேட்டு நின்றால் மோட்டார் வேலை செய்கிறது. டிக், டிக், டிக் என்று சில நொடி அடித்து ஓய்ந்தால் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கிறது. சத்தமே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை அல்லது மோட்டார் செத்துவிட்டது. சில ஆக்சுவேட்டர்கள் இயல்பிலேயே அமைதியானவை என்பதால் மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அண்மையில் பேட்டரி மாற்றினீர்களா? அப்படியென்றால் எதையும் கழற்றாமல் முதலில் கேலிப்ரேஷன் செய்யுங்கள். கதவின் இரண்டு கோடிகள் எங்கே என்பதைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கும். மின்சாரம் போனால் சில கார்கள் அதைத் தொலைத்துவிடும்; அதை மறுபடி கற்றுக்கொடுப்பதுதான் கேலிப்ரேஷன். சிலவற்றில் ஸ்கேனரால் (காரின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) செய்ய வேண்டும். சிலவற்றில் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் போதும். இன்னும் சிலவற்றில் கிளைமேட் ஃபியூஸை ஒரு நிமிடம் எடுத்து மாட்டி, இக்னிஷன் போட்டு, ஒரு நிமிடம்வரை எந்தப் பட்டனையும் தொடாமல் இருக்க வேண்டும். உங்கள் மாடலுக்கு எது என்று சர்வீஸ் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள். நடுவில் பொறுமையிழந்து பட்டனைத் தட்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறகும் சரியாகவில்லையா, கழற்றத்தான் வேண்டும். பயணி பக்க ஆக்சுவேட்டரைப் பல கார்களில் கிளவ் பாக்ஸை இறக்கினால் எட்டிவிடலாம். ஓட்டுநர் பக்கம் பெடல்களுக்கு மேலே, தலைகீழாகப் படுத்துப் பார்க்கும் இடத்தில் இருக்கும். மஞ்சள் கனெக்டர்கள் பொதுவாக ஏர்பேக்குடையவை, தொடாதீர்கள். அவற்றுக்கு அருகில் வேலை என்றால் பேட்டரியைக் கழற்றிக் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

திருகுகளைக் கழற்றி ஆக்சுவேட்டரை எடுத்ததும் கதவின் தண்டு தெரியும். இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான். எஞ்சின் சூடாக ஓடும்போது, தண்டை விரலால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். வென்ட்டில் காற்று நன்றாகச் சூடேறிவிட்டால் ஹீட்டர் கோரும் கதவும் நிரபராதிகள். குற்றவாளி ஆக்சுவேட்டரோ அதற்கு வரும் கட்டளையோதான். கோடிவரை திருப்பியும் சூடு வரவில்லை என்றால் கூலன்ட் பக்கத்துக்குத் திரும்புங்கள். தண்டு தடையின்றிச் சுற்றிக்கொண்டே போனால் கதவு உடைந்திருக்கிறது. பாதியில் முட்டி நின்றால் உள்ளே ஏதோ விழுந்திருக்கிறது: காய்ந்த இலை, கதவு ஓரத்து ஸ்பாஞ்ச், வென்ட் வழியாக விழுந்த பேனா மூடி.

இரு பக்க ஆக்சுவேட்டர்களின் பார்ட் நம்பரும் ஒன்றாக இருந்தால் இடம் மாற்றி மாட்டி, கேலிப்ரேஷன் செய்து பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் புதிது வாங்குங்கள். மாறாமல் அங்கேயே இருந்தால் வயரோ கன்ட்ரோல் யூனிட்டோ. ஐந்து வயர் உள்ள பழைய ரகங்கள் பலவற்றில் இரண்டு மோட்டாருக்கு, மூன்று கதவின் நிலையைச் சொல்லும் பொட்டென்ஷியோமீட்டருக்கு. அதில் 5 வோல்ட் வருகிறதா, கதவு நகர நகர சிக்னல் வயரின் வோல்டேஜ் சீராக ஏறி இறங்குகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கலாம். டேட்டா வயரில் கட்டளை வாங்கும் புதிய ரகங்களில் மல்டிமீட்டர் மின்சாரம் வருகிறதா என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. புதியதை மாட்டும்போது அச்சு பொருந்தவில்லையென்று அதன் கியரைக் கையால் பிடித்துத் திருகாதீர்கள். கதவின் தண்டைத் திருப்பிப் பொருத்துங்கள்.

சென்சார்கள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேபின் வெப்பச் சென்சார் டேஷ்போர்டில் ஒரு சிறு சல்லடைக்குப் பின்னால் இருக்கும். பல கார்களில் அது சிறிது காற்றை உறிஞ்சி அளக்கும். தூசி அடைத்தால் தவறாகச் சொல்லும், மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். ஸ்கேனர் இருந்தால் லைவ் டேட்டாவில் அதன் அளவை உங்கள் தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். மைனஸ் 40 என்கிற மாதிரி நடக்காத எண் தெரிந்தால் வயர் விட்டிருக்கிறது. காரின் சோதனைச் சாக்கெட்டில் செருகும் மலிவான ஓபிடி கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் கோளாறுகளை மட்டும் படிப்பவை. கிளைமேட் யூனிட்டுக்குள் போகும் ஸ்கேனர் வேண்டும். சில கார்களில் இரு பக்க டக்ட்டிலும் தனித்தனிச் சென்சார் உண்டு. ஹையிலும் லோவிலும் சமமாக இருந்து நடுவில் மட்டும் வேறுபடும் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது அவற்றை.

எப்போது கையை விட வேண்டும்

ஹீட்டர் கோர் மாற்றம், கதவின் உடைந்த தண்டு இரண்டுக்கும் பல கார்களில் டேஷ்போர்டை முழுசாக இறக்க வேண்டும். பார்த்துப் பார்த்துக் கழற்றி, மாட்டும்போது நான்கு திருகு மிஞ்சுகிற வேலை அது. அனுபவம் உள்ளவரிடம் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கொடுக்கும்போது "ஒரு பக்கம் சூடு வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எட்டு எண்கள் எழுதிய தாள், ரெய்ஸ் செய்தபோது சூடு ஏறியதா, தண்டைக் கையால் திருப்பியபோது என்ன நடந்தது, மூன்றையும் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் ஆக்சுவேட்டரை மாற்றலாம் என்று தொடங்கினால் வேறு ஒர்க்‌ஷாப் பாருங்கள்.

வேலை முடிந்து காரை எடுக்கும்போது, கால்மணி நேரம் ஓட்டிவிட்டு அதே எட்டு எண்களை மறுபடி எடுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. மிச்சமிருந்த காற்றோ மீண்டும் கிளம்பிய சேறோ தலைகாட்டுவது அந்த இடைவெளியில்தான்.